அச்சமும் ஆதாரமும்: நிராகரிக்கப்பட்ட தஞ்சக் கோரிக்கையின் எடுத்துரைப்புப் பற்றிய சில குறிப்புகள்

ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம் பற்றி இதுகாறும் வெளிவந்துள்ள ஆய்வுகள் கவிதை, சிறுகதை, நாவல், சிற்றிதழ் ஆகியவற்றையே பெரிதும் கருத்திற் கொண்டுள்ளன. ஆனால், 1983இன் பின்னர் இந்நாட்டைவிட்டு வெளியேறிய தமிழர் மிகுதியாக ஈடுபட்ட உரைநடை வகை இவற்றுள் எதுவுமன்று. தஞ்சம் கோரி அந்நிய அரசொன்றின் அதிகாரி முன்னிலையில் அளிக்கப்பட்ட தன்வரலாற்று வாக்குமூலமே அது. கதை எழுதுவதைக் கனவிலும் கருதியிராத கமக்காரனும் கடற்றொழிலாளியும் பள்ளி மாணவனும் தம் வாழ்வை முதல், இடை, கடை என ஒழுங்குபடுத்திக் கூறவேண்டியவராயினர். 'கேஸ்' என்றும் 'அசூல் அடித்தல்' என்றும் பேச்சுவழக்கில் இடம்பிடித்துவிட்ட இவ்வெழுத்து, வாசகர் ஒருவரை மாத்திரமே நோக்கியது. அவ்வாசகர் நம்பாவிடில் எழுதியவர் விமானமேற்றப்படலாம். எழுத்துக்கும் வாழ்வுக்கும் இத்துணை நேரடியான உறவுடைய வேறோர் உரைநடை நம்மிடையே உண்டா என்பது சந்தேகமே.

வாக்குமூலம் நிராகரிக்கப்படும்போது அதற்குப் பதிலாக இன்னோர் எழுத்துப் பிறக்கின்றது. நிராகரிப்புக் காரணங்களைப் பந்திபந்தியாக, இலக்கமிட்டுக் கூறும் அக்கடிதம், கூர்ந்து நோக்கின், ஒருவகை இலக்கிய விமரிசனமே. பாத்திரத்தின் செயலுக்கு ஏற்ற காரணம் இல்லை, நிகழ்ச்சிகள் நம்பத்தக்கனவாக இல்லை, காலவரிசை முரண்படுகின்றது என்றெல்லாம் அது கூறும். அதன்பின் வரும் மேன்முறையீடு அவ்விமரிசனத்தின் மீதான விமரிசனமாகும். வாக்குமூலங்கள் அந்தரங்கமானவை, அவற்றை ஆய்வுப் பொருளாக்குதல் முறையன்று. எனவே, பகிரங்கமாக வெளியிடப்பட்ட தீர்ப்புகளைக் கொண்டே இக்கட்டுரை அமைகின்றது. வழக்காளிகளின் பெயர்கள் ஈண்டு வேண்டப்படுவனவல்ல.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்பாடும் 1967ஆம் ஆண்டின் வரைமுறையேடும் அகதி யார் என்பதை வரையறுக்கின்றன. இனம், மதம், நாட்டினம், குறித்த சமூகக் குழுவொன்றின் உறுப்புரிமை, அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க ஆதாரமுள்ள அச்சம் உடையவரே அகதி. பசி இப்பட்டியலில் இல்லை. வர்க்கமும் இல்லை. நிலமிழந்தவனும் தொழிலிழந்தவனும் 'பொருளாதாரக் குடிபெயர்வோர்' என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுவர். இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. விண்ணப்பத்தை எவ்வாறு ஆராய்வது, மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது என்பன பற்றி உடன்பாடு நடைமுறை எதையும் வகுக்கவில்லை. அவை ஒவ்வோர் அரசின் விருப்பத்துக்கும் விடப்பட்டன. ஆகவே, நிராகரிக்கப்பட்டவனுக்கு எஞ்சியிருக்கும் வழிகளின் வரலாறு அவ்வந்நாட்டின் அரசியற் போராட்டங்களின் வரலாறாகவே இருத்தல் தவிர்க்கமுடியாததாகும்.

'அச்சம்' என்னும் சொல் தமிழ் மாணவருக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நிலைக்களன் நான்கு கூறும்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்காவதாக வைக்கப்பட்டது அரசன் முதலிய தலைமக்கள்பால் எழும் அச்சம். தன்னைக் காக்கவேண்டிய தன் அரசே தன் அச்சத்துக்குக் காரணமாவது என்பதுதான் அகதிச் சட்டத்தின் கருவுமாகும். மெய்ப்பாடு என்பதோ அகத்தே நிகழ்வது புறத்தார்க்குப் புலப்படும் முறைமை. அச்சத்தை அஞ்சுபவனின் உள்ளத்தில் தேடுவதா, அவன் மெய்யில் தேடுவதா, அன்றி அவனுக்கு வெளியேயுள்ள உலகில் தேடுவதா? 1987இல் பிரித்தானிய நீதிமன்றங்களில் தமிழர் அறுவரின் வழக்கு இக்கேள்வியைச் சுற்றியே நடைபெற்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அஞ்சுபவனின் நிலையிலிருந்து நோக்குதல் வேண்டும் என்றது. அவ்வாண்டு டிசெம்பரில் பிரபுக்கள் சபை அதனை மறுத்து, அச்சத்துக்குப் புறவயமான அடிப்படை வேண்டும், துன்புறுத்தல் நிகழ்வதற்கு நியாயமான அளவு சாத்தியப்பாடு இருத்தல் வேண்டும் எனத் தீர்த்தது. அந்தப் புறவய உண்மையை மதிப்பிடும் தகவல்களோ அமைச்சின் கைவசம் இருந்தன. அஞ்சுபவனிடம் இருந்தது அச்சம் மாத்திரமே.

இத்தீர்ப்பின் சூழலையும் நோக்குதல் அவசியம். 1985 மே மாதத்திலே பொதுநலவாய நாடொன்றின் பிரசைகளுக்கு முதன்முதலாகப் பிரித்தானியா விசாக் கட்டுப்பாட்டை விதித்தது, அந்நாடு இலங்கை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் சிலர் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றம் தலையிட்டு அவர்களது வெளியேற்றத்தைத் தடுத்தது. அடுத்த மாதமே, உரிய ஆவணமற்றோரை ஏற்றிவரும் விமான, கப்பற் கம்பனிகளுக்குத் தண்டம் விதிக்கும் சட்டமூலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு தஞ்சம் கோரியோர் சிலர் ஹாரிச் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு படகுக் கப்பலிலே தடுத்துவைக்கப்பட்டனர். ஒக்டோபர்ப் புயலில் அக்கப்பல் கட்டறுந்து மிதந்தது. (உருவகம் தேடும் கவிஞனுக்கு வரலாறு சிற்சில வேளைகளில் வேலை வைப்பதில்லை.)

அறுவரில் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு மேன்முறையீட்டுரிமை இருந்தது. ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய பின்னரே அதனைப் பயன்படுத்தலாம் என்பது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. எந்த நாட்டுக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அந்நாட்டிலிருந்தே, 'எமக்கு அந்நாட்டில் ஆபத்துண்டு' என முறையிடவேண்டும்! ஆயினும் முறையிட்டனர். 1989இல் தீர்ப்பாளர் அவர்கள் பக்கம் தீர்த்தார். அவர்களது அச்சம் ஆதாரமுள்ளது எனக் கண்டார். அவ்வாண்டிலேயே அவர்கள் பிரித்தானியாவுக்கு மீண்டனர். இதற்கிடையில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திலும் அவர்களது வழக்கு இருந்தது. 1991 ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ட்ராஸ்பேர்க்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு, திருப்பியனுப்பியமை உடன்படிக்கையை மீறியதாகாது எனக் கூறிற்று. ஐவருள் மூவர் திரும்பிய பின் துன்புறுத்தப்பட்டமையை அந்நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயின், அவ்வாறு நேரும் என முன்கூட்டியே அறிவதற்கு இடந்தரும் தனித்துவமான கூறுகள் எவையும் அவர்களது நிலைமையில் இருக்கவில்லை என்றது. ஏனைய தமிழ் இளைஞரின் நிலைமையிலிருந்து அவர்களது நிலைமை வேறுபடவில்லை என்பதே இதன் பொருள்.

இவ்விடத்தில் சற்றுத் தரித்து நிற்றல் தகும். யதார்த்தவாதம் பற்றிய நமது விவாதங்களில் லூக்காச் முன்வைத்த 'வகைமாதிரி' என்னும் கருத்து அடிக்கடி இடம்பெறுவது. தனிமனிதன் ஒருவனிடத்தே ஒரு காலகட்டத்தின் முரண்பாடுகள் திரண்டு வெளிப்படும்போதே பாத்திரம் வகைமாதிரியாகின்றது. அதுவே யதார்த்தத்தின் உரைகல். தஞ்சச் சட்டம் இதற்கு நேரெதிரானதைக் கேட்கின்றது. நீ பலரைப் போன்றவன் எனில் உனக்குப் பாதுகாப்பில்லை. பலரினின்றும் வேறுபட்டவன் எனக் காட்டு, பின்னர் பார்க்கலாம் என்கின்றது. ஒரு மக்கட்கூட்டம் முழுவதையும் பற்றிய ஆபத்து, அது பொதுவானதாயிருக்கும் காரணத்தினாலேயே, எவருடைய ஆபத்தும் அல்லாததாகிவிடுகின்றது. பூர்ஷ்வாச் சட்டத்தின் தனிமனித வாதம் இதனைவிடத் தெளிவாக வெளிப்பட்ட இடம் அரிது. சுற்றிவளைப்பிலே ஊர் முழுவதும் பிடிக்கப்பட்டதைக் கூறவந்தவன், தன்னை மாத்திரம் தேடிவந்ததாகக் கூறக் கற்றுக்கொள்கின்றான். 'நாங்கள்' என்று தொடங்கிய கதை 'நான்' ஆகின்றது.

பிற்காலத்தில் வகைமாதிரி வேறொரு வாசலால் உள்ளே வந்தது. 2013இல் பிரித்தானிய மேல் நியாயசபை, போருக்குப் பிந்திய இலங்கைக்குத் திரும்புவோர் பற்றி 'ஜி.ஜே.' எனச் சுட்டப்படும் வழிகாட்டித் தீர்ப்பை வழங்கியது, 2021இல் 'கே.கே.', 'ஆர்.எஸ்.' வழக்கில் அது மீளாராயப்பட்டது. இவை ஆபத்துக்குள்ளாவோர் எவ்வெவர் என வகுத்துரைப்பவை. மேன்முறையீடு செய்பவன் தன் வாழ்வை இவ்வகுப்புகளுள் ஒன்றனுள் பொருத்திக்காட்ட வேண்டும். லூக்காச் கூறிய வகைமாதிரி வாழ்விலிருந்து பிறப்பது. இது வாழ்வின்மீது அச்சாக அழுத்தப்படுவது.

நிராகரிப்பின் பின்னுள்ள வழிகள் ஒவ்வொன்றும் எடுத்துரைப்பின் தன்மையையே மாற்றிவிடுகின்றன என்பதும் ஆராயத்தக்கது. அண்மைக் காலப் பிரித்தானிய நடைமுறையில், நாட்டினுள் இருப்பவர் கடிதம் கிடைத்துப் பதினான்கு நாட்களுள் முதனிலை நியாயசபைக்கு முறையிடலாம். (நாட்டினுள் இருந்தே முறையிடும் உரிமை அனைவருக்கும் பொதுவானது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தினால்.) இங்கு கதையை மீண்டும் கூறலாம், சான்று காட்டலாம், மருத்துவ அறிக்கை தரலாம். இதிலும் தோற்றவர் மேல் நியாயசபைக்குச் செல்ல அனுமதி பெறவேண்டும். அதற்குச் சட்டத் தவறு ஒன்று காட்டப்படல் வேண்டும். அதாவது, கதை உண்மையென்று இனிக் கூறிப் பயனில்லை. கதையை வாசித்தவர் பிழையாக வாசித்தார் என்றே கூறவேண்டும். கோரிக்கை 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது' எனச் சான்றுப்படுத்தப்பட்டுவிட்டால் மேன்முறையீட்டின் வாசல் அடைபடும்; நீதிமுறை மீளாய்வு ஒன்றே எஞ்சும். அங்கே விசாரிக்கப்படுவது அகதியல்ல, அதிகாரி முடிவெடுத்த முறை. இறுதியாக, புதிய கோரிக்கை. முன்னர் ஆராயப்பட்டதினின்றும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டதாகவும், பழையதோடு சேர்த்து நோக்குமிடத்து வெற்றிக்கு மெய்யான வாய்ப்பளிப்பதாகவும் அது அமையவேண்டும். பழைய கதைக்கு முரணாதல் கூடாது, பழைய கதையாகவே இருத்தலும் கூடாது. பாடபேதம் பற்றிப் பதிப்பாசிரியர்கள்கூட இவ்வளவு கண்டிப்பான விதியொன்றை வகுத்ததில்லை.

இத்தகைய நிலைமைகளைக் கண்டதும் காஃப்காவின் பெயரைக் கூறிவிட்டு அமைவது விமரிசகரிடையே வழக்கமாகிவிட்டது. 1925இல் வெளிவந்த 'விசாரணை' நாவலில் ஓவியன் ரிற்றோரெல்லி கதாநாயகனுக்கு மூன்று வழிகள் கூறுகின்றான்: மெய்யான விடுதலை, தோற்றமளவிலான விடுதலை, முடிவின்றி ஒத்திவைத்தல். முதலாவது கிடைத்ததாக அவன் நேரிற் கண்டதில்லை. நிராகரிக்கப்பட்ட அகதியின் நிலைமையோடு இது பொருந்துவது வெளிப்படை. காஃப்காவை உலகின் சமூகக் காரணங்களை மறைத்து அச்சத்தை அருவமாக்கியவர் என்று குறைகூறிய லூக்காச், 1956இன் பின் ருமேனியாவில் தடுத்துவைக்கப்பட்டபோது, காஃப்காவும் யதார்த்தவாதிதான் போலும் எனக் கூறியதாக ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், சட்டக் கலாநிதியாய், பிராக் நகரத் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்திற் பணியாற்றிய ஒருவருக்கு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும் முறை தெரிந்தே இருந்திருக்கும். ஆயினும் எனது கருத்தில் இவ்வொப்புமை ஓர் எல்லைக்குமேல் நம்மைத் தவறான வழியிற் செலுத்தும். காஃப்காவின் நீதிமன்றத்துக்கு வரலாறு இல்லை. தஞ்ச நியாயசபைக்கு உண்டு. அதன் ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் ஆண்டும் காரணமும் உண்டு. அதை ஆக்கியோரும் எதிர்த்தோரும் உண்டு. புரியாமையை ரசனையாக்கிவிடும் விமரிசனம் ஆட்சியாளருக்குச் செய்யும் உதவி சிறிதன்று.

கனடாவை நோக்குவோம். 1985 ஏப்ரில் 4ஆந் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றம் வழங்கிய, 'சிங் தீர்ப்பு' என வழங்கும் தீர்ப்பு, ஒருவரின் நம்பகத்தன்மை பிரச்சினைக்குரியதாகும்போது அவரை நேரிற் கேளாமல் மறுப்பது அடிப்படை நீதிக்கு முரண் என்றது. அதற்கு முன்னர் வாக்குமூலத்தின் எழுத்துப் பிரதியை மாத்திரம் வாசித்து, அவர் முகத்தையே காணாதோர் முடிவெடுத்துவந்தனர். 1989இல் அகதிகள் சபை தோன்றியது. 2001ஆம் ஆண்டுச் சட்டம் அச்சபைக்குள் மேன்முறையீட்டுப் பிரிவொன்றை எழுத்தில் ஏற்படுத்தியது. அப்பிரிவு இயங்கத் தொடங்கியதோ 2012 டிசெம்பரில். சட்டப் புத்தகத்தில் இருந்துகொண்டே பத்தாண்டுகளுக்கு மேலாக இல்லாதிருந்த ஓர் உரிமை அது! அக்காலத்தில் மறுக்கப்பட்டோர் சமஷ்டி நீதிமன்றத்திடம் மீளாய்வுக்கு அனுமதி கோரினர். அன்றேல் வெளியேற்றத்துக்கு முந்திய ஆபத்து மதிப்பீட்டை, அல்லது மனிதாபிமான விண்ணப்பத்தை நாடினர். ஆபத்து மதிப்பீட்டில் மறுக்கப்பட்டவர் புதிய சான்றை மாத்திரமே முன்வைக்கலாம். ஓடிவந்தவனுக்கு ஊரிலிருந்து புதிய சான்று கிடைப்பதென்றால், ஊரில் எஞ்சியிருக்கும் உறவினருக்குப் புதிதாக ஏதேனும் நேர்ந்திருக்க வேண்டும். இவ்விதியின் கொடுமையை விளக்க உரைகாரர் தேவையில்லை.

மெய்ப்பாட்டுக்கு மீள்வோம். 'கே.வி.' எனச் சுட்டப்படும் தமிழர் ஒருவரின் வழக்கிலே 2019 மார்ச்சில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காய்ச்சிய உலோகக் கம்பியினால் ஏற்பட்ட தழும்புகள் அவரது முதுகிலும் கையிலும் இருந்தன. சித்திரவதையின் சின்னங்கள் எனக் கூறினார் அவர். தஞ்சம் பெறும் நோக்குடன், தன் சம்மதத்தோடு, இன்னொருவர் கையால் இடுவித்துக்கொண்டவை என்றது எதிர்த்தரப்பு. மெய்யில் எழுதப்பட்டதை எவரும் மறுக்கவில்லை. எழுதியது யார் கை என்பதே பிரச்சினை. தழும்புகளை ஆராயும் மருத்துவர் அவற்றின் காரணம் பற்றி எவ்வளவு தூரம் கருத்துக் கூறலாம் என்பதும் விவாதிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டின் இஸ்தான்புல் ஏடு இதற்கான அளவுகோல்களைத் தந்துள்ளது. நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பியனுப்பியதோடு, தன் உடலைத் தானே இவ்வாறு வதைப்பிக்க உடன்படுவோர் மிக அரியர் என்பதற்குப் போதிய கனம் அளிக்கப்படல் வேண்டும் எனவும் சுட்டியது. எதிர்த்தரப்பின் கருதுகோள் உண்மையென்றே ஒரு கணம் கொண்டாலும், முதுகைச் சுடுவித்துக்கொள்ளும் அளவுக்கு ஒருவன் திரும்பிச்செல்ல அஞ்சுவானாயின், அவ்வச்சத்துக்கு ஆதாரம் வேறு எங்கே தேடுவது?

நமது முற்போக்கு நண்பர்களிற் சிலர் இவையனைத்தும் முதலாளித்துவச் சட்டத்தின் கண்துடைப்பு எனக் கூறி அப்பாற் செல்வர். சட்ட வடிவம் பண்ட வடிவத்தோடு பிணைந்தது என 1924இல் விளக்கிய பஷுக்கானிஸ் அவர்களுக்குத் துணை. மனிதரை எழுத்தும் இலக்கமுமாகச் சுருக்கும் இத்தீர்ப்புகளை வாசிக்கையில் அவரது கூற்றின் ஆழம் புலனாகும் என்பதும் உண்மையே. ஆனால், அவரே 1937இல் சட்டத்தின் காப்பேதுமின்றிக் கொல்லப்பட்டார் என்பதையும் மறத்தல் கூடாது. ஈ.பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட தம் நூலின் இறுதியில், ஆளும் வர்க்கத்தின் கருவியாகிய சட்டம் தன் சொந்த விதிகளால் அவ்வர்க்கத்தையும் கட்டுப்படுத்துகின்றது என வாதித்தபோது இடதுசாரிகளிற் பலர் அவரைக் கடிந்தனர். நான் இவ்விடயத்தில் தொம்சன் பக்கமே நிற்பேன். ஹீத்ரோவில் ஆடை களைந்தவர்களை அன்று காத்தது நீதிமன்றத் தடையுத்தரவு. ஐவரை மீளக் கொண்டுவந்தது தீர்ப்பாளரின் தீர்ப்பு. இவ்வழிகள் எவராலும் ஈயப்பட்டவையல்ல. நாடுகடத்தலை எதிர்த்த தொழிற்சங்கத்தினர், சட்டத்தரணிகள், குடிவரவாளர் அமைப்புகள் ஆகியோரின் போராட்டங்களாற் பெறப்பட்டவை. அதே வேளையில் அவற்றின் வர்க்கத் தன்மையும் கண்கூடு. பதினான்கு நாட்களுள் நல்ல சட்டத்தரணியைக் கண்டடையும் ஆற்றல் எல்லாருக்கும் ஒன்றாயிருப்பதில்லை. தோட்டப்புறத்திலிருந்து சென்றவனுக்கும் கொழும்பில் வீடுள்ளவனுக்கும் சட்டம் ஒன்றே. அதனை அடையும் பாதை ஒன்றன்று.

இவ்விடைவெளியிலேதான் 'கேஸ் எழுதிக் கொடுப்பவர்' தோன்றுகிறார். அவரை ஏளனஞ் செய்வது எளிது. ஒரே அச்சில் வார்த்த கதைகளைப் பணத்துக்கு விற்பவர் அவர். ஆனால் அச்சு அவர் செய்ததன்று. வாசகன் எதனை நம்புவான் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார், அவ்வளவே. மெய்யாகவே துன்புற்றவனின் சிக்கலான கதை அவர் கையில் எளிமையாகி, எளிமையான காரணத்தினாலேயே 'வழமையான கதை' என நிராகரிக்கப்படுவதும் உண்டு. இயக்கங்களுள் இருந்தோரின் கதைகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது. தான் துன்பம் அனுபவித்தவன் என்பதோடு பிறர் துன்பத்தில் தன் பங்கு யாது என்பதையும் அவன் கூறவேண்டியவனாகிறான். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) தஞ்ச விண்ணப்பத்தின் மொழியையே புனைவின் ஒரு பகுதியாக்கிக்கொண்டது. விண்ணப்பம் மறைக்கவேண்டியதை நாவல் கூறுகின்றது; அதுவே அந்நாவலின் சாதனை என்பது என் கணிப்பு. அவர் நடித்த 'தீபன்' (2015) திரைப்படத்திலோ மூவர் இறந்தோரின் கடவுச்சீட்டுகளோடு ஒரு குடும்பமாக நடித்துத் தஞ்சம் பெறுகின்றனர். பொய்யான குடும்பம் மெய்யான பாசமாகும் கதை ஐரோப்பியப் பார்வையாளருக்கு உவப்பாயிருந்தது. அப்பொய் ஏன் வேண்டப்பட்டது என்னும் வினாவைப் படம் விரைவிலேயே கைவிட்டுவிடுகின்றது.

தமிழ்த்துறையினர் கவனிக்கவேண்டிய பிறிதொன்றும் உளது. நிராகரிப்புக் கடிதங்கள் பெரிதும் சார்ந்து நிற்பது 'முரண்பாடு' என்னும் சொல்லை. அம்முரண்பாடுகளுள் எத்தனை மொழிபெயர்ப்பிலே பிறந்தவை? ஒருவர் தன்னை இயக்கத்துக்கு உணவு கொண்டுசெல்லும்படி 'அண்ணை' கூறியதாகச் சொல்கிறார் எனக் கொள்வோம். உரைபெயர்ப்பாளர் அதனை மூத்த சகோதரன் எனப் பெயர்த்துவிடுகிறார். குடும்ப விபரத்திலோ அவருக்குச் சகோதரிகள் மாத்திரமே. முரண்பாடு தயார். 'பிடிச்சுக்கொண்டு போனவை' என்னும் யாழ்ப்பாணப் பேச்சில் எழுவாய் இல்லை. பிடித்தது இராணுவமா, பொலிசா, வேறோர் ஆயுதக் குழுவா என்பது கேட்போன் சூழலிலிருந்து உணர்வது. ஆங்கிலம் எழுவாயின்றி அமையாது. உரைபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிவுசெய்தே தீரவேண்டும். இரண்டாம் நேர்முகத்தில் வேறோர் உரைபெயர்ப்பாளர் வேறொன்றைத் தெரிவுசெய்தால்? காலமும் அவ்வாறே. நல்லூர்த் திருவிழாவுக்கு முந்தி, மாரி தொடங்கிய கையோடு, 95 இடப்பெயர்வுக்குப் பிறகு என்று நினைவுகூரும் ஒருவரிடம் நாளும் திகதியும் கேட்கப்படுகின்றன. அவர் கூறும் திகதி நினைவன்று, ஊகம். இத்தகைய வழக்குகளை விளக்கி, பேச்சுத்தமிழின் உறவுப்பெயர், எழுவாயின்மை, காலக்குறிப்பு ஆகியன பற்றி ஒரு கையேடு ஆக்குதல் நமது மொழியியல் மாணவருக்கு இயலாததன்று. மேன்முறையீட்டுச் சட்டத்தரணி ஒருவர் நியாயசபை முன் வைக்கத்தக்க சான்றாகவும் அது அமையும். இத்தொழிலில் முதல் தடை, மூலம் கிடையாமை. நான் வாசித்த தீர்ப்புகளுள் எதிலும் வழக்காளி தமிழிற் கூறிய ஒரு வாக்கியமேனும் தமிழில் இல்லை.